பாயிண்ட் ஸ்பிரெட்டை ஒரு புள்ளி நகர்த்தினால் விலை ஏன் ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு அளவில் மாறுகிறது?

பாகலூர் சாலை, ஓசூர்:

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் மென்பொருள்களைச் சோதித்துத் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்காக, விளையாட்டுப் பந்தய விலைகளைக் காட்டும் திரை ஒன்றை எங்கள் குழு இப்போது சோதித்து வருகிறது. குழுவில் இருக்கும் ஐந்து பேருக்கும் கிரிக்கெட் நன்றாகத் தெரியும். அமெரிக்கக் கால்பந்து ஒருவருக்கும் தெரியாது. பந்தயம் கட்டிய அனுபவம் உள்ளவர்களும் எங்களில் இல்லை.

அந்தத் திரையில் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், வலுவான அணிக்கு எதிரே மைனஸ் 2.5 என்று ஓர் எண்ணும் அதற்குரிய விலையும் வருகின்றன. கீழே உள்ள பட்டையை விரலால் இழுத்தால் அந்த எண் மைனஸ் 3.5, மைனஸ் 4.5 என்று நகர்கிறது. விலையும் உடன் மாறுகிறது. ஒரு டாலர் கட்டி வென்றால், கட்டிய டாலரையும் சேர்த்து எவ்வளவு கைக்கு வரும் என்பதே விலை என்று ஆவணத்தில் படித்தேன். மைனஸ் 2.5க்கு விலை 1.80, மைனஸ் 3.5க்கு 2.18, மைனஸ் 4.5க்கு 2.34, மைனஸ் 5.5க்கு 2.45 என்று திரை காட்டுகிறது.

ஒவ்வொரு முறையும் நகர்வது ஒரே ஒரு புள்ளிதான். ஆனால் முதல் நகர்வில் விலை 0.38 ஏறுகிறது, அடுத்ததில் 0.16, அதற்கடுத்ததில் 0.11 மட்டுமே. சூத்திரம் எங்கோ தவறியிருக்கிறது என்று முடிவுசெய்து, பிழை என்று பதிவும் செய்துவிட்டேன். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து "இது சரியானதே" என்ற ஒற்றை வரியுடன் அந்தப் பதிவு திரும்பி வந்துவிட்டது. சரி என்றால் ஏன் சரி என்பது புரியாமல் மேற்கொண்டு எதையும் என்னால் சோதிக்க இயலவில்லை. கணக்கு தெரிந்தவர்கள் அடிப்படையிலிருந்து விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

அதியமான்கோட்டை ஆசிரியர்:

நல்ல கேள்வி கேட்டீர்களம்மா. முப்பது ஆண்டுகள் தருமபுரி மாவட்டப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நிகழ்தகவைப் பாடமாக நடத்தியபோது இந்தப் பந்தய விலைகளைப் பற்றியும் படித்து வைத்தேன். பாயிண்ட் ஸ்பிரெட் என்ற முறையை 1940களில் பரவச் செய்தவராகச் சொல்லப்படும் சிகாகோவின் சார்லஸ் மெக்நீல் என்பவரும் ஒரு காலத்தில் கணித ஆசிரியராக இருந்தவரே என்பதால், இந்தப் பொருளில் எனக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு.

முதலில் ஸ்பிரெட் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். நம் ஊரில் கேரம் ஆடும்போது, கைதேர்ந்தவர் புதியவரிடம் "உனக்கு ஐந்து காய் விட்டுத் தருகிறேன், ஆடு" என்று சொல்வார் அல்லவா, அதுதான் இது. மைனஸ் 2.5 என்றால் வலுவான அணி இரண்டரைப் புள்ளிகளை விட்டுக்கொடுத்துவிட்டு ஆடுவதாகக் கணக்கு. அந்த அணி 3 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி வித்தியாசத்தில் வென்றால்தான் அதன் மேல் கட்டியவருக்குப் பணம் வரும். எதிரணியின் மேல் பிளஸ் 2.5க்குக் கட்டியவருக்கு, அந்த அணி வென்றாலும், 1 அல்லது 2 புள்ளியில் தோற்றாலும் பணம் வரும். அரைப் புள்ளியை ஏன் வைக்கிறார்கள் என்றால், ஆட்டத்தில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. ஆகவே சமன் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

பந்தயம் நடத்தும் நிறுவனம் முதலில் அறிவிக்கும் கோடு, அதாவது மைனஸ் 2.5 போன்ற எண், ஒன்றுதான். பொதுவாக இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே விலை வருமாறு அது வைக்கப்படும். நீங்கள் இழுக்கும் பட்டை, அந்தக் கோட்டுக்கு மாற்றாக வேறு கோடுகளைக் காட்டுகிறது; இவற்றை ஆல்டர்னேட் லைன் என்பார்கள். வலுவான அணி இன்னும் அதிகமாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கோட்டைத் தள்ளினால் வெல்வது கடினமாகும்; கடினமாவதற்கு ஈடாக விலை ஏறும். இதுவரை உங்களுக்கே தெரிந்திருக்கும். எவ்வளவு ஏறும் என்பதில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குப் போகும் ஒரு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் காவேரிப்பட்டணத்தில் ஒரு கூட்டம் இறங்கும், காரிமங்கலத்தில் ஒரு கூட்டம் இறங்கும். இடையில் உள்ள சின்ன நிறுத்தங்களில் ஓரிருவர் இறங்குவார்கள். சாலையில் எங்காவது ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு முன்னால் இறங்குபவர்களுக்கு ஒரு கட்டணம், தாண்டிப் போகிறவர்களுக்கு வேறு கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வயல்களுக்கு நடுவே அந்தக் கோட்டை ஒரு கிலோமீட்டர் நகர்த்தினால் யாருடைய கட்டணமும் மாறாது. அதே ஒரு கிலோமீட்டர் காவேரிப்பட்டணம் நிறுத்தத்தைத் தாண்டி நகர்ந்தால் பாதிப் பேருந்தின் கட்டணம் மாறிவிடும். நகர்ந்த தொலைவு இரண்டிலும் ஒன்றே. அந்தத் தொலைவுக்குள் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பதே கணக்கை மாற்றுகிறது.

அமெரிக்கக் கால்பந்தில் 3 என்ற வித்தியாசம் அப்படி ஒரு காவேரிப்பட்டணம். ஏறத்தாழ ஏழு ஆட்டங்களில் ஓர் ஆட்டம் மிகச் சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் முடிகிறது. 4, 5 ஆகியவற்றில் முடிபவை அதைவிட மிகவும் குறைவு. 

கணக்காகவே செய்து பார்ப்போம். புரிவதற்காக நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. எந்த அணியின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. ஒரே தன்மையுள்ள 100 ஆட்டங்களில் வலுவான அணி 40இல் தோற்கிறது அல்லது சமன் செய்கிறது. 6இல் ஒன்றிரண்டு புள்ளிகளில் வெல்கிறது. 10இல் சரியாக 3 புள்ளியில், 3இல் 4 புள்ளியில், 2இல் 5 புள்ளியில் வெல்கிறது. எஞ்சிய 39இல் 6 அல்லது அதற்கு மேல். மைனஸ் 2.5க்குக் கட்டியவருக்கு 54 ஆட்டங்களில் பணம் வரும். லாபமும் நட்டமும் இல்லாத விலை 100ஐ 54ஆல் வகுத்தால் வரும் 1.85. கோட்டை மைனஸ் 3.5க்குத் தள்ளினால், 3 புள்ளியில் முடிந்த அந்தப் பத்து ஆட்டங்களும் கையைவிட்டுப் போய் 44 மட்டும் மிஞ்சும், விலை 2.27. மைனஸ் 4.5க்கு 41 ஆட்டங்கள், விலை 2.44. மைனஸ் 5.5க்கு 39 ஆட்டங்கள், விலை 2.56. ஏற்றங்களைப் பாருங்கள்: 0.42, 0.17, 0.12. உங்கள் திரையில் வந்த 0.38, 0.16, 0.11 ஆகியவற்றின் அதே சாயல்.

என் எண்களைவிட உங்கள் திரையின் விலைகள் எல்லா இடத்திலும் சற்றுக் குறைவாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் குறைவு நிறுவனம் தனக்கென எடுத்துக்கொள்ளும் பங்கு. முதன்மைக் கோட்டைக் காட்டிலும் மாற்றுக் கோடுகளில் இந்தப் பங்கு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும், ஏனெனில் அங்கே பணம் கட்டுபவர்கள் குறைவு, விலை தவறாகப் போய்விடும் அச்சம் நிறுவனத்துக்கு அதிகம். ஆகவே "விலை நேர்கோட்டில் ஏற வேண்டும்" என்பதை உங்கள் சோதனை விதியாக வைக்க முடியாது. விட்டுக்கொடுக்கும் புள்ளி கூடக்கூட விலை ஒருபோதும் இறங்கக் கூடாது என்பதை வைக்கலாம். அது எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும்.

பர்கூர் மாந்தோப்பு:

ஆசிரியர் ஐயா கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பத்தாண்டுகள் டல்லாஸில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், அந்த 3 எங்கிருந்து வருகிறது என்பதை நான் சேர்க்கிறேன்.

அந்த ஆட்டத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தால் 6 புள்ளிகள். அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1. எல்லைவரை போக முடியாதபோது தூரத்திலிருந்தே உதைத்து எடுப்பது 3. ஆகவே புள்ளிகள் பெரும்பாலும் ஏழு ஏழாகவும் மூன்று மூன்றாகவும் சேர்கின்றன. இரு அணிகளும் சமமாக இருக்கும்போது கடைசி நிமிடத்தில் யாரும் வீணாக ஆபத்தைத் தேடிப் போக மாட்டார்கள். உதைக்கக்கூடிய தூரத்துக்குப் பந்தைக் கொண்டுவந்து, நேரத்தைக் கரைத்து, 3 புள்ளி எடுத்துவிட்டு ஆட்டத்தை முடிப்பார்கள். கூடுதல் நேர ஆட்டங்களும் பெரும்பாலும் அப்படித்தான் முடிகின்றன. 3க்கு அடுத்த பெரிய நிறுத்தம் 7. அதன் பங்கு பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. 2015இல் அந்த ஒரு புள்ளி உதையைத் தள்ளி வைத்து 33 கஜ தூரத்திலிருந்து உதைக்கச் செய்த பிறகு, முன்பு ஏறக்குறைய எப்போதுமே கிடைத்த அந்தப் புள்ளி இப்போது அவ்வப்போது தவறுகிறது. விதி மாறினால் நிறுத்தங்களும் நகரும் என்பதற்கு இது சான்று. பழைய ஆண்டுகளின் எண்களை அப்படியே வைத்து இன்றைய விலையைச் சரிபார்க்க முடியாது.

ஒரு புள்ளி நகர்வதன் மதிப்பு என்ன என்பதற்கு டல்லாஸ்காரர்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்லும் ஓர் ஆட்டம் இருக்கிறது. 1979 ஜனவரி 21 அன்று மயாமியில் நடந்த 13ஆவது சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் பிட்ஸ்பர்க்கும் டல்லாஸும் மோதின. லாஸ் வேகாஸில் பிட்ஸ்பர்க் மைனஸ் 3.5 என்று கோடு திறந்தது. பிட்ஸ்பர்க் மேல் பணம் குவிந்ததால் புக்கிகள் கோட்டை மைனஸ் 4.5 வரை நகர்த்தினார்கள். உடனே டல்லாஸ் பிளஸ் 4.5 என்று மறுபக்கத்தில் பணம் குவிந்தது. ஆட்டம் 35-31 என்று முடிந்தது, வித்தியாசம் சரியாக 4. முதலில் பிட்ஸ்பர்க் மேல் கட்டியவர்களும் வென்றார்கள், பிறகு டல்லாஸ் மேல் கட்டியவர்களும் வென்றார்கள். இரு பக்கத்துக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்த அந்த நாளைப் புக்கிகள் கறுப்பு ஞாயிறு என்று அழைத்தார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் இன்று தனித்தனி விலை வைக்கப்படுவதன் நியாயம் எனக்கு இந்த ஒரு கதையிலேயே விளங்கியது.

உங்கள் திரையில் டீசர் என்ற பொத்தானும் இருந்தால் அதைத் தனியாகச் சோதியுங்கள். அதுவும் கோட்டை நகர்த்துவதுதான், ஆனால் விலை வேறு விதமாக வசூலிக்கப்படுகிறது. இரண்டு ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டினால் இரண்டிலும் கோட்டை 6 புள்ளிகள் உங்களுக்குச் சாதகமாக நகர்த்தித் தருவார்கள். இரண்டும் வென்றால்தான் பணம். 120 டாலர் கட்டினால் 100 டாலர் லாபம் என்பது இதற்குப் பரவலாக உள்ள ஒரு விலை. அப்படியென்றால் இரண்டும் சேர்ந்து 100க்கு 54.5 முறை வெல்ல வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறத்தாழ 74 முறை வெல்ல வேண்டும். 6 புள்ளிகள் இலவசமாகக் கிடைத்ததாகத் தோன்றும், ஆனால் 70 முறை வெல்லும் இரண்டைச் சேர்த்தால் கிடைப்பது 49 முறைதான். இங்கும் ஆசிரியர் சொன்ன பேருந்துக் கணக்கே ஆள்கிறது: மைனஸ் 8.5 என்பதை மைனஸ் 2.5 ஆக்கினால் 7, 3 என்ற இரண்டு பெரிய நிறுத்தங்களையும் தாண்டுகிறீர்கள். மைனஸ் 3 என்பதைப் பிளஸ் 3 ஆக்கினால், ஆட்டங்கள் அரிதாகவே முடியும் 0, 1, 2 என்ற வெற்றிடத்தைக் கடப்பதில் பாதிக்கு மேல் வீணாகிறது.

அரூர் கபடி நடுவர்:

அமெரிக்க ஆட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்ட விதி ஒரு வித்தியாசத்தைப் பெரிய நிறுத்தமாக ஆக்கிவிடும் என்று மேலே எழுதியிருப்பதைப் படித்ததும், நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் பல பருவங்களுக்கு ஒரு விதி இருந்தது. வென்ற அணிக்கு 5 புள்ளிகள், சமன் என்றால் இருவருக்கும் 3. தோற்ற அணி 7 அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் அதற்கும் பட்டியலில் 1 புள்ளி உண்டு. அந்த ஒரு புள்ளிக்காக ஆட்டம் எப்படி உருமாறும் என்பதைக் கடைசி மூன்று நிமிடங்களில் பார்க்க வேண்டும். 9 புள்ளி பின்னால் இருக்கும் அணி வெற்றியை மறந்துவிட்டு 7க்குள் வந்துவிடத் துடிக்கும். 6 புள்ளி பின்னால் இருக்கும் அணி, துணிந்து பிடிக்கப் போய் மேலும் இழந்துவிடக் கூடாதே என்று பாடிப் போனவரைத் தொடாமல் திருப்பி அனுப்பும். தன் முறை வரும்போது ஒரு பாட்டுக்கு உள்ள 30 விநாடியையும் கோட்டருகே நின்றே கழிக்கும். இரு அணிகளுமே 7 என்ற வேலியை மனத்தில் வைத்து ஆடும்போது, 7.5 என்ற கோடும் 6.5 என்ற கோடும் ஒரே விலையில் எப்படி இருக்க முடியும்?

நான் பந்தயத்தை ஆதரிப்பவன் அல்லன். எங்கள் பகுதித் திருவிழாப் போட்டிகளில் ஓரமாக நின்று வித்தியாசத்தின் மேல் பணம் கட்டுபவர்களை வெளியேற்றியிருக்கிறேன். தோற்கச் சொன்னால் எந்த வீரனும் கோபப்படுவான். "ஜெயித்துக்கொள், ஆனால் நாலு புள்ளிக்கு மேல் போகாதே" என்று கேட்கும்போதுதான் சிலருக்கு மனம் தளர்கிறது. வெற்றி பறிபோகாது என்பதால் அது துரோகமாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வித்தியாசத்தின் மேல் வைக்கும் பந்தயத்தில் எனக்குள்ள முதல் அச்சம் இதுதான்.

பாகலூர் சாலை, ஓசூர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா, உங்கள் பேருந்தை எங்கள் குழுவின் பலகையில் வரைந்து காட்டினேன். காவேரிப்பட்டணம் எங்கே இருக்கிறது என்று தெரியாத பெங்களூருத் தோழிக்கும் புரிந்துவிட்டது. நான் பதிந்த பிழையை நானே நீக்கிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி விலை எங்காவது இறங்குகிறதா என்று எல்லாக் கோடுகளையும் ஓட்டிப் பார்த்தபோது அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று அகப்பட்டது. பட்டையை அரைப் புள்ளியில் நிறுத்தாமல் மைனஸ் 3 என்ற முழு எண்ணில் நிறுத்தி, ஆட்டம் 24-21 என்று முடிந்ததாகப் போலித் தரவு கொடுத்தால், திரை "தோல்வி" என்று காட்டுகிறது. இது சரியா? கூடைப்பந்துத் திரையில் விலைகள் ஏறத்தாழ சீராக ஏறுவதும் எனக்கு வியப்பாக உள்ளது. கால்பந்தில் மைனஸ் 0.75 என்று கால் பங்கு எண்கள் வருவதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

அதியமான்கோட்டை ஆசிரியர்:

அது சரியல்லம்மா, அதுதான் நீங்கள் தேடிய உண்மையான பிழை. மைனஸ் 3க்குக் கட்டி, வித்தியாசம் சரியாக 3 ஆக இருந்தால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. கட்டிய பணம் அப்படியே திரும்ப வேண்டும். இதைப் புஷ் என்பார்கள். என் எடுத்துக்காட்டில் 100க்கு 10 ஆட்டங்கள் அந்த இடத்தில்தான் முடிகின்றன. பத்துப் பேரின் பணத்தைத் தவறாக எடுத்துக்கொள்ளும் திரையைச் சிறு பிழை என்று விட்டுவிட முடியாது. விலையும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்: திரும்பும் பத்தை நீக்கிவிட்டால் 90இல் 44 வெற்றி, ஆகவே பங்கு நீங்கலான விலை 2.05. மைனஸ் 2.5இன் 1.85க்கும் மைனஸ் 3.5இன் 2.27க்கும் நடுவில் அது பொருந்தி உட்காருவதைப் பாருங்கள்.

கூடைப்பந்தில் கூடைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னச் சின்னதாக, நூற்றுக்கு மேல் சேர்கின்றன. வித்தியாசங்கள் பரவலாகச் சிதறிவிடுவதால் 3, 7 போன்ற பெரிய நிறுத்தங்கள் உருவாவதில்லை. அங்கே நீங்கள் எதிர்பார்த்த சீரான ஏற்றம் ஓரளவுக்கு இருக்கும். 

கால்பந்தின் கால் பங்கு என்பது பணத்தை இரண்டாகப் பிரிப்பது. மைனஸ் 0.75க்கு 100 டாலர் கட்டினால் 50 டாலர் மைனஸ் 0.5க்கும் 50 டாலர் மைனஸ் 1க்கும் போகிறது. அணி ஒரே கோலில் வென்றால் முதல் பாதி வெற்றி, இரண்டாம் பாதி திரும்பிவரும். இரண்டு கோலில் வென்றால் முழு வெற்றி. சமன் ஆனாலும் தோற்றாலும் முழு இழப்பு. ஒரு கோல் வித்தியாசம் என்ற நிலையைக் கட்டாயம் சோதியுங்கள், நிரலர்கள் வழுக்கி விழும் இடம் அது.

காரிமங்கலம் மளிகை:

இங்கே கணக்கு பேசுகிறவர்கள் எல்லாரும் கற்றவர்கள். நான் மளிகைக் கடை வைத்திருப்பவன். என் தம்பியின் கைப்பேசியில் இதே போன்ற பட்டை ஒன்றைப் பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

அவன் பார்த்தது கிரிக்கெட். இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி இத்தனை ஓட்டங்களுக்கு மேல் எடுக்குமா என்ற கோடு. அந்த எண்ணை அவன் கீழே கீழே இழுத்துக்கொண்டே போவான். 160 என்று இருப்பதை 110 வரை இறக்கிவிட்டு, "அண்ணா, இது தோற்கவே தோற்காது, பார்" என்பான். அந்த இடத்தில் விலை 1.10. ஆயிரம் ரூபாய் கட்டினால் நூறு ரூபாய் லாபம். பெரும்பாலும் வென்றான், பொய் சொல்லவில்லை. ஒன்பது முறை பச்சை நிறத்தில் வந்து ஒரு முறை சிவப்பில் வரும். ஒன்பது முறையும் சேர்த்து வந்த லாபம் 900, அந்த ஒரு முறையில் போனது 1000. பத்து முறைக்கு நூறு ரூபாய் நட்டம் என்பது கடைக்காரனான எனக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது; ஒன்பது பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்த அவனுக்குத் தெரியவே இல்லை. ஆயிரம் ஐயாயிரமாகி, பிறகு அம்மாவின் வளையல் வரை போனது.

நிறுவனம் வைத்த கோட்டில் தோற்றிருந்தால் அவன் விரைவிலேயே விலகியிருப்பான் என்று நினைக்கிறேன். கோட்டைத் தன் விரலால் நகர்த்தியதால், ஆட்டத்தையே தான் வளைத்து வைத்திருப்பதாக எண்ணிவிட்டான். சகோதரி, அந்தத் திரையைச் சோதிக்கும்போது, கோட்டை இறக்குகிறவருக்கு எத்தனை முறை வென்றால் கட்டுப்படியாகும் என்ற எண்ணையும் விலைக்குப் பக்கத்தில் காட்டச் சொல்லி உங்களால் கேட்க முடியுமா? 1.10 என்றால் பதினொன்றில் பத்து முறை வெல்ல வேண்டும் என்று அங்கேயே எழுதியிருந்தால் என் தம்பி போன்றவர்கள் ஒரு நொடியாவது தயங்குவார்கள்.

கிருஷ்ணகிரி வழக்கறிஞர்:

இந்த உரையாடலைப் படித்துவிட்டுத் தாமே முயன்று பார்க்க எண்ணுபவர்களுக்காகச் சட்டநிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதன்படி சூதாடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை சார்ந்தது, வாய்ப்பு சார்ந்தது என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுச் சேவைகளையும் நாடு முழுவதும் தடைசெய்கிறது. சேவை வழங்குவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அமெரிக்காவில் 2018 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு விளையாட்டுப் பந்தயம் மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அங்கே பல மாநிலங்களில் அனுமதி உண்டு என்பதால் இங்கே அனுமதி ஆகிவிடாது. கேள்வி கேட்ட சகோதரியின் நிறுவனம் செய்துகொண்டுள்ள ஒப்பந்தத்தைப் படிக்காமல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்வது முறையாகாது. உங்கள் மேலாளர் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்துமூலம் கருத்துப் பெற்று வைத்திருப்பது நல்லது.

காரிமங்கலம் அண்ணா, பணம் ஏமாற்றிப் பறிக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம். தம்பிக்கு மன உளைச்சல் இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பாகலூர் சாலை, ஓசூர்:

மைனஸ் 3 பிழையை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். முழு எண் கோடுகள் அனைத்திலும் அதே தவறு இருந்தது. மைனஸ் 7, மைனஸ் 10 இரண்டிலும் சரிபார்த்தேன். கால் பங்குக் கோட்டில், ஒரு கோல் வெற்றிக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடும் இன்னொரு பிழையும் கிடைத்தது. ஆசிரியர் ஐயா விரல் வைத்துக் காட்டிய அதே இடம். டீசரில் ஓர் ஆட்டம் வென்று மற்றொன்று புஷ் ஆனால் என்ன செய்வது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் விதி என்றும், அதைத் தனி ஆவணமாக அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

காரிமங்கலம் அண்ணா, நீங்கள் கேட்டதை "பயனருக்குத் தேவையான தகவல் விடுபட்டுள்ளது" என்ற தலைப்பில் பதிந்து, 1.10 என்ற விலைக்குப் பதினொன்றில் பத்து என்ற கணக்கையும் இணைத்து அனுப்பிவிட்டேன். அது என் வேலை வரம்புக்குள் வராது என்று மேலாளர் சொன்னார். ஆனாலும் பதிவை நீக்கச் சொல்லவில்லை. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

காரிமங்கலம் மளிகை:

பதிந்ததே போதும் சகோதரி. பத்து, பதினொன்று என்று நீங்கள் எழுதியதைத் தம்பியிடம் காட்டினேன். பழைய கணக்கை எடுத்து, கோட்டை இறக்கிக் கட்டிய ஆட்டங்களை மட்டும் தனியாக எண்ணினான்: 64இல் 57 வெற்றி. 1.10 விலைக்கு 59 வேண்டும் என்று அவனே வகுத்துப் பார்த்துச் சொன்னான்.